பெஞ்சு யாருக்கு?

டீக்கடை என்றால் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு தனி வாத்சல்யம் உண்டு. கிராமத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர் எவரும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு டீக்கடையைத் திறந்துவிடுவார். அங்கே ஒரு பாய்லர் கொதிக்கும்; ஒரு பெஞ்சு ஆடும்; பெஞ்சின் மேல் நாலு பேர் உட்கார்ந்து உலக விவகாரத்தை அலசுவார்கள். உடனே ஆசிரியர், ‘டீக்கடைதான் கிராமத்தின் பார்லிமெண்டு’ என்று ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, மன நிறைவோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். வாசகரும் தலையை ஆட்டிவிட்டுப் பின்னாலேயே போய்விடுவார்.

நான் அவ்வளவு சுலபமாக அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறேன். பார்லிமெண்டு என்று சொல்லிவிட்டால் சில கேள்விகள் கேட்கத்தான் வேண்டும். அதில் இடம் பெற்றவர்கள் யார்? வாசலோடு நின்றுவிட்டவர்கள் யார்? ஊரில் பாதிப் பேருக்கு உட்கார இடமில்லாத சபைக்குப் பார்லிமெண்டு என்று பெயர் வைத்தது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கட்சியும் இருக்கிறது. அவர்கள் நாகரிகஸ்தர்கள். அவர்களுக்கு டீக்கடை என்றால் ஈ, எச்சில் கிளாஸ், பீடிப் புகை, வெட்டிப் பேச்சு. வழவழவென்று விளக்குப் போட்ட புதுக் கடை, கல்லாவில் பணம் கட்ட ஒரு கட்டம் போட்ட அட்டை, கையில் ஒரு காகிதக் கப், நின்றபடி நாலு வாய், குப்பைத் தொட்டி, நடையைக் கட்டு. இதுதான் முன்னேற்றம் என்பது அவர்கள் அபிப்பிராயம். பெஞ்சு இருந்தால் ஆள் நகரமாட்டான், ஆள் நகராவிட்டால் வியாபாரம் நகராது என்று அவர்கள் கணக்குச் சொல்வார்கள்.

எனக்கு இந்த இரண்டு கட்சியோடும் சண்டை. முன்னவர்கள் பெஞ்சைக் கும்பிடுகிறார்கள். பின்னவர்கள் பெஞ்சைத் தூக்கி எறிகிறார்கள். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருவருமே பார்ப்பதில்லை.

எங்கள் வறண்ட சீமையில் டீக்கடை என்பது எப்படிப்பட்ட ஸ்தாபனம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டணத்து வாசகர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. அருப்புக்கோட்டையை ஒட்டினாற்போல் இருக்கிறது பாளையம்பட்டி. அங்கிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். கண்மாயில் தண்ணீர் இருக்கிற மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சீமைக் கருவேல மரம் மட்டும் யாருடைய தயவும் இல்லாமல் செழித்து நிற்கும். மானாவாரி விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத பூமி. ஆகவே ஜனங்கள் தறியை நம்பினார்கள், நூல் மில்லை நம்பினார்கள், தண்ணீர் கிடைத்த இடத்தில் மல்லிகைப் பூவை நம்பினார்கள்.

இந்த மூன்று தொழிலுக்கும் பொழுது விடிகிற வரையில் காத்திருக்கத் தெரியாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவு நீட்டியாக வேண்டும். மொட்டு விரிவதற்குள் பூ எடுத்தாக வேண்டும். மில்லில் ஒரு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டு ஏறும். ஆகவே டீக்கடைக்காரர் சூரியனுக்கு முன்னால் எழுந்து பாய்லரைப் பற்றவைத்துவிடுகிறார். விடிகாலையில் டீ, ஏழு மணிக்கு உளுந்த வடை, பருப்பு வடை, பதினோரு மணிக்கு மறுபடி டீ, சாயங்காலம் பஜ்ஜியும் சீயமும், விளக்கு வைத்தபின் பக்கத்துக் கடையில் புரோட்டாக் கல்லில் கரண்டி தாளம் போடும். விருதுநகர்ப் பக்கத்துப் புரோட்டா எண்ணெயில் மிதந்து மொறுமொறுவென்று வருவது; அதன் மேல் சால்னாவை ஊற்றிவிட்டால் ஒரு தறிக்காரனுடைய நாள் முழுதும் பட்ட அலுப்பு கரைந்து போகும் என்பது வாஸ்தவமான பேச்சு.

இது ஏதோ ஆதிகாலத்திலிருந்து வந்த வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கரிசல் காட்டுச் சம்சாரி குடித்தது நீராகாரமும் கம்மங்கூழும். தேயிலை இங்கே வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் சரக்காக வந்து சேர்ந்தது. 1903-ல் தேயிலை ஏற்றுமதிக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் டீயைப் பிரசாரம் செய்தார்கள். 1930-களில் உலகமெங்கும் வியாபாரம் படுத்து, வெளிநாட்டில் விற்கும் அளவுக்கும் கட்டுப்பாடு வந்தபோது, மிஞ்சிய தேயிலையை நம் தொண்டையில் இறக்குவதற்கு ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்து ஓசியில் ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். அதே காலத்தில்தான் அஸ்ஸாமில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரமும் உருவானது. அதில் வரும் தூள் கொஞ்சம் போட்டால் போதும், நிறமும் சாரமும் நிறைய இறங்கும். ஒரு கிலோவுக்கு அதிகக் கிளாஸ். ஒரு கிளாஸுக்குக் குறைந்த காசு. ஏழையின் கைக்கு டீ எட்டியது இப்படித்தான். இன்று இந்தியாவில் விளைகிற தேயிலையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை நாமே குடித்துத் தீர்க்கிறோம்.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. டீயைப் பற்றி எந்த சாஸ்திரத்திலும் ஒரு வரி கிடையாது. யார் கையால் வாங்கிக் குடிக்கலாம், யார் முன்னால் குடிக்கலாம் என்று எந்த ரிஷியும் சொல்லிவைக்கவில்லை. கோயிலுக்குப் பழைய விதி உண்டு, கிணற்றுக்கு உண்டு, சுடுகாட்டுக்குக்கூட உண்டு. டீக்கடை ஒன்றுதான் விதி எதுவும் இல்லாமல் புதிதாகப் பிறந்தது. நாம் மனசு வைத்திருந்தால் முதல் நாளிலிருந்தே அதை எல்லோருக்கும் பொதுவான இடமாக வைத்துக்கொண்டிருக்கலாம்.

நாம் மனசு வைத்தோமா? விதி இல்லாத இடத்துக்கும் விதி கண்டுபிடிப்பதில் நமக்கு இணை உலகத்தில் கிடையாது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் டீக்கடைக்கு இரண்டு விதக் கிளாஸ் வந்தது. ஊர்க்காரருக்கு ஒன்று, காலனிக்காரருக்கு ஒன்று. காலனிக்காரர் பெஞ்சில் உட்காரக் கூடாது. குந்தியிருந்து குடித்து, தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தது ஒரே காசு. குடித்தது ஒரே பாய்லர்த் தண்ணீர்.

இந்த வெட்கக்கேடு தானாகக் கரைந்து போகவில்லை. ஜனங்கள் சண்டை போட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனியிடம் என்ற ஏற்பாடு பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல் ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் மறியல் நடந்தது. ஏராளமான பேர் கைதானார்கள். ஒரு சொல்லுக்கா இவ்வளவு என்று அன்று கேலி செய்த கனவான்கள் உண்டு. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள், அந்தச் சொல்லை எடுக்க மட்டும் ஏன் அவ்வளவு நாள் மறுத்தார்கள்? 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது ஹோட்டலில் வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவனுக்கு மறுப்பதுகூடக் குற்றம் என்று பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே விதித்தது. ஒரு தேசத்தின் சட்டம் டம்ளரைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருந்தது என்றால், அந்த டம்ளருக்குள் இருந்த விஷம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது காகிதக் கப் வந்திருக்கிறது. ‘எல்லோருக்கும் காகிதக் கப்; இனி இரட்டைக் கிளாஸ் என்ற பேச்சே கிடையாது’ என்று நாகரிகஸ்தர்கள் மார் தட்டுகிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். எல்லோரும் ஒரே கிளாஸில் குடித்து, அது கழுவப்பட்டு, மறுபடி எல்லோருக்கும் வருவதுதான் சமத்துவம். ஒருவன் வாய் பட்டதை இன்னொருவன் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுவது சமத்துவத்துக்குப் பதில் கண்டுபிடித்த தந்திரம். சில ஊர்களில் ஊர்க்காரருக்குக் கண்ணாடிக் கிளாஸ், காலனிக்காரருக்கு மட்டும் தூக்கி எறியும் கப் என்று பழைய விதியே புது வேஷத்தில் வந்ததும் உண்டு.

சுகாதாரம் என்று சொல்கிறார்களே, அதையும் பார்ப்போம். காகிதக் கப்புக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இல்லாவிட்டால் காகிதம் ஊறிப் போகும். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-ல் ஆராய்ந்து பார்த்தார்கள். சூடான பானத்தை நூறு மில்லி ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதில் கலக்கின்றன என்றார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பையும், சூடான டீயைக் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையையும் தடை செய்திருக்கிறது. தடை சர்க்கார் புஸ்தகத்தில் இருக்கிறது. கப் நம் கையில் இருக்கிறது. கொதிக்கிற வெந்நீரில் அலசிய கண்ணாடிக் கிளாஸுக்கு ஈடான சுகாதாரம் இன்னும் பிறக்கவில்லை. வெந்நீருக்கும் டீக்கடையில் பஞ்சம் இல்லை. பாய்லர் நாள் முழுதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, கிளாஸ் விஷயத்தை விடுவோம். பெஞ்சுக்கு வருவோம்.

விடிகாலையில் பூ எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூல் மில் ஷிப்டுக்குப் போகிறவர்களிலும் பெண்கள் ஏராளம். தறி ஓடுகிற வீட்டில் கண்டு போடுவதும் நூல் சுற்றுவதும் பெண்களின் வேலை. இவர்கள் டீ குடிக்காதவர்களா? நன்றாகக் குடிப்பார்கள். ஆனால் அவர்களுடைய டீ தூக்குவாளியில் போகிறது. ஒரு பையன் வந்து வாங்கிப் போவான். பையன் இல்லாவிட்டால் அந்த அம்மாளே வந்து, கடைக்குச் சற்றுத் தள்ளி, சாக்கடை ஓரமாக நின்று வாளியை நீட்டுவாள். வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அவள் நின்ற இடத்துக்கும் பெஞ்சுக்கும் நாலு அடி. அந்த நாலு அடியை அவள் ஆயுள் முழுதும் கடப்பதில்லை.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. எத்தனையோ கடைகளில் புருஷன் டீ ஆற்றுவான். பெண்சாதி வடை சுடுவாள், கிளாஸ் கழுவுவாள், கணக்கும் பார்ப்பாள். புருஷன் இல்லாமல் தனியாகக் கடை நடத்துகிற பெண்களும் இருக்கிறார்கள். அடுப்புக்குப் பின்னால் பதினாறு மணி நேரம் நிற்கிற அவளை யாரும் குறை சொல்வதில்லை. அவள் ஐந்து நிமிஷம் முன்பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பெண் டீக்கடையில் நிற்கலாம், உழைக்கலாம், உட்காரக் கூடாது.

இதைப் பற்றி நான் ஒரு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஏன் அண்ணாச்சி, பொம்பளைக வந்து உட்கார்ந்தா நீங்க டீ கொடுக்க மாட்டேன்னா சொல்வீங்க?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு சார் சொல்றேன்? தாராளமா உட்காரட்டும். காசு குடுத்தா எல்லாரும் ஒண்ணுதான். அவுகளே வர மாட்டாக” என்றார்.

தூக்குவாளியோடு நின்ற ஓர் அம்மாளிடம், “நீங்க இங்கேயே உட்கார்ந்து குடிச்சிட்டுப் போகலாமேக்கா” என்றேன்.

“எதுக்கு சார்? நாலு பேரு நாலு விதமாப் பேசவா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கடைக்காரர் தடுக்கவில்லை, சட்டம் தடுக்கவில்லை, ‘நாலு பேர்’ தடுக்கிறார்கள். அந்த நாலு பேர் யார்? பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான்! 1957-ல் மறியல் செய்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. எதிரே ஒரு பலகை இருந்தது. அதைக் காட்டி, ‘எடு’ என்று சொல்ல முடிந்தது. இங்கே பலகை இல்லை. ஆனால் பலகையை விட நன்றாக வேலை நடக்கிறது.

வாசகரே, நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடை, பொது உணவுச்சாலை, ஹோட்டல் ஆகியவற்றுக்குள் நுழைவதற்கு எந்தப் பிரஜைக்கும் எந்தக் காரணத்தால் தடை இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு வரிசை கொடுத்திருக்கிறார்கள்: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். சாதிக்குப் பக்கத்திலேயே ‘பால்’ உட்கார்ந்திருக்கிறது. 1950-ல் அமலுக்கு வந்த அந்த வரியில் இருக்கிற தைரியம் இன்னும் நம் தெருமுனைக்கு வந்து சேரவில்லை.

இதற்கு ஆட்சேபம் சொல்கிறவர்கள் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். முதலாவது, ‘பெண்களுக்கு வீட்டில் வேலை இருக்கிறது, உட்கார்ந்து பேச நேரம் ஏது?’ நேரம் இல்லாமல் செய்துவிட்டு, நேரம் இல்லையே என்று அனுதாபப்படுவது நல்ல வேடிக்கை. தறிக்காரனுக்கும்தான் வேலை இருக்கிறது. அவன் கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளவில்லையா? இரண்டாவது, ‘கடைப் பேச்சு பெண்கள் காதில் விழத் தக்கதல்ல.’ ரொம்ப சரி. அப்படியானால் மாற வேண்டியது பேச்சா, பெண்ணா? பெண்கள் நாலு பேர் வந்து உட்காரட்டும். அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் தானே திருந்திவிடும். மூன்றாவது, ‘பெண்களுக்கென்று பேமிலி ரூம் இருக்கிறதே!’ புரோட்டாக் கடையில் திரை போட்டு, மின்விசிறி சுற்றாமல், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுக்கியிருக்கிறார்களே, அந்த அறையைச் சொல்கிறார்கள். அதிலும் புருஷனோ அண்ணனோ துணைக்கு வந்தால்தான் மரியாதை. தெருவைப் பார்த்து உட்காருகிறவனுக்குத்தான் ஊர் சொந்தம். திரைக்குப் பின்னால் உட்காருகிறவர் விருந்தாளி.

வெளியுலகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். லண்டனில் 1864-ல் ஏ.பி.சி. என்ற ரொட்டிக் கம்பெனி ஒரு டீக்கடை திறந்தது. 1894-ல் லயன்ஸ் கம்பெனியும் திறந்தது. மரியாதைக்குரிய ஒரு பெண் ஆண் துணையில்லாமல் நுழைந்து, உட்கார்ந்து, ஒரு கோப்பை டீ குடித்துவிட்டு எழுந்து வரக்கூடிய இடம் அந்த நகரத்தில் அப்போதுதான் கிடைத்தது. பின்னால் ஓட்டுரிமை கேட்ட பெண்கள் கூடிப் பேசியது அப்படிப்பட்ட டீக்கடைகளில்தான். உட்கார இடம் கிடைத்தது. பிறகு ஓட்டும் கிடைத்தது. கொரியாவின் தலைநகர் சியோலில் ‘தபாங்’ என்று டீ, காப்பி விடுதிகள் உண்டு. 1956-ல் திறந்த ஹக்ரிம் தபாங் மாணவர்கள் கூடும் இடமாகவே ஆயிற்று. 1981-ல் ராணுவ ஆட்சி மாணவர்களைப் பிடித்துப் போட்ட ஒரு வழக்குக்கு அந்த விடுதியின் பெயரையே வைத்தார்கள். ஒரு கோப்பையின் விலைக்கு உட்கார்ந்து பேச முடிகிற இடத்தைக் கண்டு சர்வாதிகாரிகள் பயப்படுகிறார்கள். அதனால்தான் அந்த இடம் யார் கையில் இருக்கிறது என்பது சில்லறை விஷயம் அல்ல என்கிறேன். அவ்வளவு தூரம் போவானேன்? கராச்சியில் 2015-ல் சில இளம் பெண்கள் தெருவோர டீக்கடையில் போய் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதுதான் அவர்கள் செய்த கிளர்ச்சி. டீ குடித்ததே செய்தியாயிற்று!

நாகரிகஸ்தர்களுக்கு ஒரு நியாயத்தைச் செய்துவிட வேண்டும். பட்டணத்துப் புதுக் கடைகளில் காலேஜ் பெண்கள் கூச்சமில்லாமல் நின்று டீ குடிக்கிறார்கள். அதைக் கண்டு எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கடை எல்லோரையும் நிற்கவைத்துச் சமமாக்குகிறது. நிற்பதில் சமத்துவம் மலிவு. தமிழ்நாட்டில் ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் சட்டமே திருத்த வேண்டியிருந்ததே, மறந்துவிட்டோமா? உட்காருவது என்பது நம் நாட்டில் எப்போதுமே ஓர் உரிமைப் பிரச்னை. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதைத்தானே தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டு வருகிறோம்?

அதே 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல காரியம். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் அடுத்த பஸ் வரும் வரையில் அவர்கள் எங்கே இருப்பது? மரத்தடியில் நிற்கிறார்கள், பூட்டிய கடைப் படியில் முந்தானையால் துடைத்துவிட்டு உட்காருகிறார்கள். எதிரே டீக்கடைப் பெஞ்சில் இரண்டு ஆண்கள் நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார்கள்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக் கடைகளை நகராட்சிகள்தான் ஏலம் விடுகின்றன. ஏல நிபந்தனையில் நாலு வரி சேர்க்கட்டும்: கண்ணாடிக் கிளாஸ், அதை அலச வெந்நீர், தெருவைப் பார்த்துப் போட்ட பெஞ்சு, பக்கத்தில் பூட்டாத பெண்கள் கழிப்பறை. கடைசி வரியைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். வெளியில் போனால் ஒதுங்க இடம் இல்லையே என்ற பயத்தில்தான் எத்தனையோ பெண்கள் வழியில் ஒரு வாய் டீ குடிக்காமல் வறண்ட தொண்டையோடு வீடு திரும்புகிறார்கள்.

சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நாலு வழிச் சாலையில் குடும்பத்தோடு காரில் போகிறீர்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் வந்ததும் டீ ஞாபகம் வருகிறது. காரை ஓரம் கட்டி, நீங்கள் மட்டும் இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் குடிக்கிறீர்கள். வீட்டு அம்மாளுக்கும் பெண்ணுக்கும் ஜன்னல் வழியாகக் காகிதக் கப்பில் டீ போகிறது. காலேஜில் படிக்கிற உங்கள் பெண்ணுக்கே கார் ஜன்னல்தான் என்றால், தூக்குவாளியோடு நிற்கிற தறிக்கார அம்மாள் எந்தத் தைரியத்தில் அந்த நாலு அடியைக் கடப்பாள்?

அடுத்த தடவை கார்க் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்களும் இறங்கி வந்து பெஞ்சில் உட்காரட்டும். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடட்டும். முதல் நாள் முறைத்துப் பார்ப்பார்கள். பத்தாவது நாள் பேப்பரில் ஒரு தாளைப் பிரித்து அவர்கள் பக்கமும் நீட்டுவார்கள். அதற்குப் பிறகு நம் எழுத்தாளர்கள் அதைப் பார்லிமெண்டு என்று எழுதட்டும்; எனக்கு ஆட்சேபம் இல்லை.